பெரிய கிளாக்கர் வீட்டு ஒஸ்டின்

தேயிலைக் கொழுந்து லொறியை ஸ்டோர் வாசலில் நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதும் பொன்னையா தன் லயத்து வீட்டுக்கு நேராகப் போவதில்லை. நேராகப் போனால் இருநூறு அடிதான். அவர் ஆஸ்பத்திரி மேட்டில் ஏறி, பெரிய கிளாக்கர் வீட்டு வேலியோரமாக இறங்கி, அரை மைல் சுற்றிப் போவார். வேலிக்குப் பக்கத்தில் ஒரு சவுக்கு மரம் நிற்கிறது. அதன் அடியில் நின்று பீடி பற்றவைப்பார். காற்றே அடிக்காத நாளிலும் நாலு தீக்குச்சி செலவாகும். நாலாவது குச்சி அணைவதற்குள், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் காரை மூக்கிலிருந்து வால்வரை பார்த்து முடித்திருப்பார்.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டங்களில் பொன்னையாவைத் தெரியாதவர்கள் இல்லை. ஐம்பதை எட்டிப் பிடிக்கும் வயது. ஒட்டிய கன்னம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. லொறி ஓட்டப் போனாலும் காக்கிக் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்ற மாட்டார். வளைவுக்கு அப்பால் வருவது எந்தத் தோட்டத்துக் கார் என்று சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார். "வண்டி கண்ணுக்குத் தெரியறதுக்கு முந்தி காதுக்குத் தெரியணும்ங்க" என்பார். அவரிடம் ஒரு குறை உண்டு. இன்னொரு டிரைவரை யாராவது மெச்சிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. "வட்டவளைத் தோட்டத்துல ஒருத்தர் பூப்போல ஓட்டுறாராமே" என்று யாரோ ஒருமுறை சொல்லப்போக, "அவன் பிரேக்க நம்பி ஓட்டுறவன். கியர நம்பி ஓட்டுறவனா?" என்று கேட்டுவிட்டு, அப்படிச் சொன்னவரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தார்.

வேலிக்குள் நிற்பது முப்பத்தொன்பதாம் வருஷத்து ஒஸ்டின். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வாங்கி வந்த கார். துரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பதினெட்டு வருஷம் அதை ஓட்டியவர் பொன்னையா. நானுஓயா ஸ்டேஷனுக்கும் நுவரெலியாக் குதிரைப் பந்தயத்துக்கும் அட்டன் பேங்குக்கும் அதில்தான் போவார்கள். பனிக்காலத்தில் அதன் பானட்டின்மேல் பழைய கம்பளியைப் போர்த்திவிட்டுத்தான் பொன்னையா படுக்கப் போவார். ஒருமுறை பெயிண்ட் வெளிறிப்போனபோது பங்களாக் கராஜிலேயே வைத்துத் தன் கையால் இரண்டு பூச்சுக் கறுப்புப் பூசினார். துரை அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டார். அந்தக் காட்சியைப் பொன்னையா இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

போன வருஷம் துரை சீமைக்குத் திரும்பினார். கார் தனக்குத்தான் வரும் என்று பொன்னையா மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார். தலவாக்கலை ஸ்டேஷனடியில் வாடகைக்கு ஓட்டலாம், மனைவி பேச்சியம்மாளைக் கொழுந்து எடுக்கும் வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்றெல்லாம் திட்டம் போட்டிருந்தார். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகத் துரை கூப்பிட்டார். பொன்னையா கோட்டை உதறி மாட்டிக்கொண்டு ஓடினார். "பொன்னையா, காரைக் கொண்டுபோய்ப் பெரிய கிளாக்கர் வீட்டில் விட்டுச் சாவியைக் கொடுத்துவிடு" என்றார் துரை. சொற்ப விலைக்கு விற்றுவிட்டாராம். பங்களாவிலிருந்து கிளாக்கர் வீட்டுக்கு ஐந்து நிமிஷப் பாதைதான். அன்று அதை ஓட்டி முடிக்கப் பொன்னையாவுக்கு இருபது நிமிஷம் பிடித்தது. புதிதாக வந்த துரை தன் காரைத் தானே ஓட்டுகிறவர். பொன்னையாவைக் கொழுந்து லொறிக்கு மாற்றிவிட்டார்கள்.

"நீங்க வாயத் தெறந்து கேட்டீங்களா?" என்றாள் பேச்சியம்மாள்.

"கேட்டுத்தான் குடுக்கணுமா? பதினெட்டு வருசமா அவரு கண்ணு எங்க இருந்திச்சி?"

"அவரு கண்ணு ரோட்டுல இருந்திருக்கும். கேக்காதவன் வாயில யாரு ஊட்டுவாங்க?"

தோட்ட ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிளாக்கர் மகாலிங்கம் யாழ்ப்பாணத்தவர். சிக்கனமான மனிதர். ஆபீஸில் பழைய கடித உறையைக் கிழித்து உள்பக்கத்தில் எழுதுகிறவர். காருக்குப் பெயிண்ட் அடிக்கக் கண்டிக் கராஜில் கேட்ட கூலி அவருக்குத் தலைசுற்றலைக் கொடுத்தது. தானே பூசுவதென்று இறங்கிவிட்டார். ஒரு சனிக்கிழமை பொன்னையா பீடி பற்றவைக்க நின்றபோது, கிளாக்கர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உப்புத்தாளால் காரின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டி தேய்ப்பதுபோல வட்டம் வட்டமாகத் தேய்த்தார். தண்ணீரும் தொட்டுக்கொள்ளவில்லை. பொன்னையாவுக்குத் தன் முதுகே எரிவதுபோல் இருந்தது.

அடுத்த வாரம் கண்ணாடிகளில் கோதுமைமாப் பசையால் பத்திரிகைத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. அதற்கடுத்த வாரம் இரண்டு பெயிண்ட் தகரம் வந்து இறங்கியது. மூடியில் வழிந்திருந்த நிறத்தைப் பொன்னையா வேலியோரம் எட்டிப் பார்த்தார். நீலம். பள்ளிக்கூடத்து வாங்குப் பலகைக்குப் பூசுகிற வெளிர்நீலம்.

அன்று வீட்டுக்குப் போனவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"கறுப்பு வண்டிங்க அது. நீலம் பூசப் போறாராம். மனுசனுக்குக் கண்ணு இருக்கா?"

பேச்சியம்மாள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "கல்யாணத்துக்கு முந்தி என்னைய இப்பிடி வேலியோரம் நின்னு பாத்திருந்தீங்கன்னா எங்கப்பாரு சந்தோசப்பட்டிருப்பாரு."

பூச்சு நடந்தது ஒரு புதன்கிழமை, பௌர்ணமிப் போயா விடுமுறை. பொன்னையா மரத்தடிக்கு வரும்போது பிற்பகல் இரண்டரை இருக்கும். சுவருக்கு வெள்ளையடிக்கிற மட்டையான பிரஷால் கிளாக்கர் முற்றத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தார். மேல்தட்டும் பானட்டும் முடிந்திருந்தன. ஈரத்தில் பார்க்கும்போது நன்றாகத்தான் இருந்தது, பொன்னையாவின் வயிறு எரியும் அளவுக்கு நன்றாக இருந்தது. அவர் திரும்பிப் பள்ளத்தாக்கைப் பார்த்தார். கொத்மலைப் பக்கமிருந்து மூடுபனி தேயிலை நிரைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு ஏறி வந்தது. இன்னும் கால் மணி நேரத்தில் முற்றத்துக்கு வந்துவிடும். ஈரப் பெயிண்டில் பனி இறங்கினால் என்னவாகும் என்று அந்தத் தோட்டத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். "ஐயா, வண்டிய உள்ள தள்ளுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது. பீடியை இழுத்து அதை உள்ளே அனுப்பிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பேச்சியம்மாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் மரத்தடியில் முதல் குச்சியைக் கிழித்தபோதே வேலிக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பொன்னையா, உதிலை நிண்டு என்ன பாக்கிறீர்? உள்ளுக்கு வாரும்."

கிளாக்கர் படியில் உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணெல்லாம் நீலம். கார் சாம்பல் பூசிய எருமைபோல நின்றது. தொட்ட இடமெல்லாம் பிசுபிசுத்தது. அவருடைய மனைவி புனிதவதி ஒரு பேணியில் தேத்தண்ணி கொண்டுவந்து படிக்கட்டில் வைத்தாள். தன் புருஷனைப் பார்க்காமல் காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"மூண்டு நாளாய்க் காயுதில்லை. காய்ஞ்ச இடமும் மினுக்கமில்லாமல் கிடக்குது. ஏனெண்டு உமக்குத் தெரியுமோ?"

"பனி பட்டுரிச்சிங்க ஐயா."

"அண்டைக்கு நீர் வேலியடியிலை நிண்டனீர். நான் கண்டனான். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

பொன்னையா பேணியைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. "நீங்க கேக்கலீங்களே."

கிளாக்கர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் கோபிக்கவில்லை. நீல விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எப்பிடிக் கேக்கிறது? பதினெட்டு வரியமாய் உம்மைப் பாத்து எரிஞ்சு கொண்டிருந்தவன் நான். ஒவ்வொரு நாளும் கந்தோர் வாசலிலை கொப்பியும் கையுமாய் நான் நிப்பன். துரை என்னை நிமிந்தும் பாக்கமாட்டார். நீர் அவருக்குப் பக்கத்திலை இருந்து, ஒரு கையாலை வளைச்சுத் திருப்பிக்கொண்டு போவீர். ரண்டு பேரும் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு போவியள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். துரை போறார் எண்டு கேள்விப்பட்ட உடனை ஓடிப்போய் வாய் விட்டுக் கேட்டனான். கார் ஓடுற ஆசையிலை இல்லை. அந்த இடத்திலை ஒருக்கால் இருந்து பாக்கவேணும் எண்டுதான்."

பொன்னையா பேணியை வாய்க்குக் கொண்டுபோனார். தன்னைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட்டிருக்கிறார், அதுவும் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் போடுகிற மனிதர் பட்டிருக்கிறார் என்பது அவர் கனவிலும் நினைக்காத சங்கதி. தேத்தண்ணி அன்று அத்தனை இனிப்பாக இருந்தது. பேணியை வைத்துவிட்டுக் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"எல்லாத்தையும் சொரண்டணும்ங்க. தண்ணி தொட்டு, நீளவாக்குல. வெள்ளையடிக்கிற பிரஷ்ஷத் தூக்கிப் போடுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரைப் பின்புறக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். பழைய கொழுந்துச் சாக்குகளைச் சுற்றிவரத் தொங்கவிட்டுக் காற்றை அடைத்தார் பொன்னையா. தூசி எழும்பாமல் மண்தரைக்குத் தண்ணீர் தெளித்தார். புனிதவதியின் பழைய வாயல் சேலைக் கிழிசலில் பெயிண்டை வடிகட்டி, தகரத்தைச் சுடுதண்ணீர்ச் சட்டியில் இறக்கி இளக வைத்தார். வெயில் ஏறியதும் தொடங்கி மத்தியானத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது கட்டளை. கிளாக்கர் தகரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். பொன்னையா மெல்லிய பிரஷால் ஒரே இழுப்பாக இழுத்தார், பூசிய இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. இடையில் கிளாக்கர் ஆசையோடு கை நீட்டினார். ஸ்டெப்னி வீலின் மூடியை மட்டும் பொன்னையா அவருக்கு விட்டுக் கொடுத்தார். இப்படி இரண்டு ஞாயிறு, இரண்டு பூச்சு. கொட்டகையைத் திறந்தபோது பானட்டில் எதிர் மலையும் அதன் உச்சியிலிருந்த மரமும் தெரிந்தன. நீலம் அவ்வளவு மோசமில்லை என்று பொன்னையாவுக்குத் தோன்றியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் வாரம் கிளாக்கர் "நானும் பொன்னையாவும் பூசினது" என்று சொன்னார். இரண்டாம் வாரம் "பொன்னையாவும் கொஞ்சம் கைகுடுத்தவர்" என்றார். தைப்பூசத்துக்கு முந்திய ஞாயிறன்று தலவாக்கலைக் கோயிலுக்குக் காரை எடுத்தபோது தோட்டம் முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. ஆபீஸ் வேலையோடு வேலையாக, பெரிய கிளாக்கர் தன்னந்தனியாகப் பூசி முடித்தாராம்.

கார் லயத்தடியால் வந்தது. பின்சீட்டில் புனிதவதி பட்டுச்சேலையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கிளாக்கர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். பொன்னையாவைக் கண்டதும் ஒரு கையை எடுக்கப் பார்த்து, பயந்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

"கிளாக்கரய்யா கை வேலையப் பாத்தீங்களாண்ணே? கண்ணாடி மாதிரியில்ல மின்னுது!" என்றார் பக்கத்தில் நின்ற கந்தப்பன் கங்காணி.

பொன்னையாவின் முகம் சுருங்கியது. "என்னாத்த மின்னுது? பின் கதவுல ஒரு எடத்துல வழிஞ்சிருக்கு, நல்லாப் பாருங்க."

கங்காணி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். அப்படி எந்த இடத்திலும் வழிந்திருக்கவில்லை.

கார் மாரியம்மன் கோயில் மேட்டில் ஏறத் தொடங்கியது. பாதி மேட்டில் எஞ்சின் இருமியது. கியரை இறக்காவிட்டால் நின்றுவிடும், பின்னுக்கு உருளும், பின்னால் பள்ளம். கங்காணி வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பொன்னையா அதைக் கேட்கவில்லை. ஈரமண்ணில் நின்றிருந்த அவருடைய இடது கால் மெல்ல அழுந்தியது, இடது கை, அங்கே இல்லாத ஒரு கியர்க் குமிழைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தது. மேலே சத்தம் மாறிக் கார் வளைவில் மறைந்த பிறகுதான், அவர் காலை மண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்.