பசைக்கு ஆகாத காற்று

பட்டறையில் அவருக்குப் பெயர் பசையண்ணன். கல்யாணப் பத்திரிகையில் அச்சான பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஸ்லைடிங் கதவுகளின் அலுமினியச் சட்டங்களுக்கு மர நிறத் தாள் ஒட்டுவது அவர் வேலை. தாள் என்று பெயரே தவிர அது பிளாஸ்டிக். தேக்கின் ரேகைகளை அச்சடித்துச் சுருளாக வரும். பட்டறைக்காரர்கள் அதைத் தோல் என்பார்கள். உருகிய பசை தோலின் முதுகில் மெல்லிசாகப் படியும். விளக்குகளின் கீழே சூடேறி வரும் சட்டத்தின்மேல் உருளைகள் அதை அழுத்தி, மூலை முடுக்கெல்லாம் மடித்து ஒட்டும். அந்தப் பசை இறுகினால் இறுகியதுதான். எவ்வளவு காய்ச்சினாலும் பிறகு இளகாது. அதனால் இயந்திரம் ஓடும்போது ஆள் நகர முடியாது. சாப்பாடு, கழிப்பறை எல்லாம் பசை அனுமதித்த நேரத்தில்தான்.

வருஷக்கணக்கில் அதன் ஆவி அவர் நெஞ்சில் குடியேறிவிட்டது. மாடி ஏறினால் இழுப்பு. சிரித்தால் இருமல். "ஒண்ணு அந்த வேலை, இல்ல மூச்சு. ரெண்டையும் வெச்சுக்க முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலாளி இரக்கமில்லாதவர் அல்ல. சரக்கு அனுப்பும் பிரிவில் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். பெரிய வாசல், நேர்க்காற்று. ஒரே நிபந்தனை, பசைக்கு இன்னொரு ஆள் தேற வேண்டும். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவன் பாதியிலேயே நின்றுகொண்டான். இன்னொருவன் பசையைத் தொட்டியிலேயே இறுகவிட்டு டீ குடிக்கப் போனான். இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறான்.

மூன்றாவதாகப் பசையண்ணனின் மனைவி தன் தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். முன்மண்டையில் வழுக்கை ஏறியும் எந்த வேலையிலும் நிலைக்காத ஆள்.

"அவன் நெஞ்சும் இப்படித்தான் ஆகும்" என்றார் அவர்.

"அவனுக்கு ஒண்ணும் ஆகாது. எங்க வீட்டு நெஞ்சு" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மச்சினன் பரவாயில்லை. கை பழகிவிட்டது. தனியாக ஓட்டிக்காட்டும் நாளும் வந்தது. அன்று ஒட்டுவதை மறுநாள் கத்தியால் கீறி உரித்துப் பார்ப்பார்கள். தோல் கிழிந்தால் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். முழுசாக உரிந்து வந்தால் போச்சு. பசையண்ணன் பக்கத்தில் நிற்கலாம், வாயால் சொல்லலாம், கை மட்டும் வைக்கக் கூடாது என்றார் சூப்பர்வைசர்.

சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேக்கு மரமாகி வெளியே வந்தன. நடுவில் அவருக்கு இருமல் வந்தது.

"என்ன மாமா, மெஷினைவிட உங்க சத்தம் பெருசா இருக்கு."

"நீ தோலைப் பாரு மாப்ளே."

இருமல் விடவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். மச்சினன் ஓடிப்போய்ப் பக்கத்து ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டான்.

"கொஞ்சம் காத்து வாங்குங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

பசை ஓடும்போது அந்த ஷட்டரைத் திறக்கவே கூடாது. வெளிக்காற்று பட்டால், சூடேற்றிய சட்டம் உருளைக்குப் போகும் முன்பே ஆறிவிடும். பசை பிடிக்காது. முதல் நாளே சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் மச்சினன் அப்போது பார்த்தது சட்டத்தை அல்ல, இவர் முகத்தை.

மூடச் சொல்ல நிமிர்ந்தார். குளிர்ந்த காற்று தடையில்லாமல் உள்ளே இறங்கியது. இழுப்பின் விசில் சத்தம் இல்லை. நெஞ்சின் அடிவரை போய்த் திரும்பியது. இன்னும் ஒரே ஒரு மூச்சு என்று நினைத்தார். அது முடிந்ததும் இன்னொன்று. கண்ணெதிரே சட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

"மாப்ளே, அதை மூடிடு" என்று கடைசியில் சொன்னார்.

"இப்பத் தேவலையா?"

"தேவலை."

மறுநாள் காலை சூப்பர்வைசர் அடுக்கின் நடுவிலிருந்து ஒரு சட்டத்தை உருவினார். ஓரத்தில் கத்தியால் கீறி, நுனியைப் பிடித்து இழுத்தார். தேக்கு மரம் நாடா மாதிரி கடைசிவரை உரிந்து வந்தது.

"நான் கதவு கேட்டேன். நீங்க வாழைப்பழம் குடுத்திருக்கீங்க."

மச்சினன் இவரைப் பார்த்தான். "நல்லாத்தானே ஒட்டினேன் மாமா?"

"நல்லாத்தான் ஒட்டினே." அவர் சூப்பர்வைசரிடம் திரும்பினார். "ஷட்டர் திறந்திருந்துச்சு. நான்தான் உடனே மூடச் சொல்லலை."

"யார் தப்புன்னு நான் கேக்கலை அண்ணே. ஒட்டலை, அவ்வளவுதான். வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்களே பாத்துக்குங்க."

மச்சினன் கையுறைகளைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். ஒன்றின்மேல் ஒன்றாக, ரொம்ப ஒழுங்காக வைத்தான். முகத்தில் வருத்தம் இருந்தது. நடையில் இல்லை.

"அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான்.

பசையண்ணன் பசைத் தொட்டியைச் சூடேறப் போட்டார். ஷட்டரிடம் போய்க் காலால் மிதித்துத் தரையோடு அழுத்தினார். அப்படியும் அடியில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. பழைய சாக்கை மடித்துவந்து அதையும் அடைத்தார்.