வாசலில் கறந்த பால்

எங்கள் சொந்தக்காரர்களிடம் ரத்னா என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. புது வீட்டு வாசற்படியில் பாலைப் பீய்ச்சியவள் என்றால் எல்லோருக்கும் தெரியும். மரியாதை தெரியாதவள், நல்ல காரியத்தைக் கெடுத்தவள் என்று இன்றைக்கும் விசேஷ வீட்டுப் பந்திகளில் அவரைப் போட்டு வறுக்கிறார்கள். அந்த வீடு தி.நகரில் என் மாமனார் அய்யாதுரை கட்டிய வீடு. அன்றைக்குப் பட்டுப்புடவையில் ஓமத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த மருமகள் நான். அதனால் நடந்ததைச் சொல்ல அவர்களைவிட எனக்கு உரிமை அதிகம்.

ரத்னா அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள், தகரக் கொட்டகையில் மூன்று மாடு வைத்திருக்கிறார். காலையில் கறக்க உட்காரும் முன் புறங்கையால் மடியை நான்கு பக்கமும் தொட்டுச் சூடு பார்ப்பார். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீய்ச்சலைக் கறுப்புத் தட்டில் விட்டு, பால் திரிந்து திப்பி தெரிகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். கன்று குடித்து முடித்ததும் குனிந்து, எந்தக் காம்பு ஈரமாக இருக்கிறது, எதைக் கன்று தொடவே இல்லை என்று பார்ப்பார். தொடாத காம்பில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். தூக்குவாளியோடு வாசலில் நிற்கும் மாமிகள் முணுமுணுப்பார்கள். அதெல்லாம் அவர் காதில் ஏறாது.

முதலில் அவர் இப்படி இல்லை. அவருடைய முதல் மாடு கன்று போட்டபோது நஞ்சுக்கொடி விழத் தாமதமானது. கொடி விழும்வரை சீம்பால் கறக்கக் கூடாது, கன்றுக்கும் விடக் கூடாது என்று சந்தில் இருந்த அத்தனை பேரும் சொன்னார்கள். இவரும் கைகட்டிக் காத்திருந்தார். மூன்றாம் நாள் கன்று செத்தது. தேங்கிய பால் கட்டி, ஒரு காம்பு அடைத்துப்போனது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்திருக்க வேண்டும் என்று மாட்டு டாக்டர் வந்து திட்டியபோது, கூடாது என்று சொன்ன ஒருவரும் அங்கே இல்லையாம். அன்றிலிருந்து மாட்டு விஷயத்தில் யார் பேச்சையும் கேட்பதில்லை என்று அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார். மற்ற விஷயத்தில் கேட்பாரா என்று நான் கேட்கவில்லை.

இனி எங்கள் வீட்டுக் கூத்துக்கு வருகிறேன். புதுமனை புகுவதற்கு முன் பசுவும் கன்றும் வீட்டுக்குள் போக வேண்டும். அந்தப் பசுவின் பாலைக் கறந்து, புது அடுப்பில் பொங்க விட வேண்டும். அதுவரை வீட்டுக்குள் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது. பசுவை ஏற்பாடு செய்தவர் பாலு என்ற தரகர். ரத்னா அக்காவின் மாடு கன்று போட்டுப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. காலையில் தெருவுக்குள் வண்டி வராது என்று, முந்தின நாள் மாலையே பாலு தாயையும் கன்றையும் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இரவில் இரண்டு தடவை கன்றை ஊட்ட விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அழைத்து வந்தார். மற்ற இரண்டு மாட்டையும் கறந்து முடித்துவிட்டு அக்கா காலையில் வருவதாகப் பேச்சு.

வாசல் பந்தலில் ஐந்து மணிக்கே ஓமம் தொடங்கிவிட்டது. என் பெண் குழந்தைக்கு அப்போது எட்டு வாரம். நாலு மணிக்குக் கடைசியாகப் பால் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் தெருமுனையில் நின்ற காரில், என் நாத்தனார் மடியில் இருந்தாள். எனக்கு முந்தின இரவே இடது மார்பு கல்லாகக் கட்டிக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. ஒருமுறை கொடுத்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு தடவை கேட்டேன். சங்கல்பம் செய்துவிட்டு எழுந்திருக்கக் கூடாது, பால் பொங்கும்வரை பொறு என்று என் மாமியார் சண்முகவடிவு சொல்லிவிட்டார். நானும் கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

ரத்னா அக்கா வந்தபோது எட்டு மணி. நல்ல நேரம் எட்டேமுக்கால் வரைதான். மாட்டுக்கு மாலை போட்டு, நெற்றியில் பொட்டு வைத்து, கொம்புக்கு மஞ்சள் பூசித் தயாராக நிறுத்தியிருந்தார்கள். அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. நேராகக் கன்றிடம் போனார். அதன் வாயில் வலைக்கூடை கட்டியிருந்தது. கன்று குடித்துவிட்டால் கறக்கும்போது மடி வற்றித் தெரியுமே என்று பாலு ராத்திரி முழுக்கக் கட்டி வைத்திருக்கிறார்.

அக்கா கூடையை அவிழ்த்தார். கன்று பாய்ந்து போய் மடியில் முட்டியது. மாடு அதை உதைத்துத் தள்ளியது. அவர் புறங்கையை மடியில் வைத்தார். பிறகு மாட்டை இரண்டடி நகர்த்தி, வலது பின்காம்பை எங்கள் புதுக் கறுப்பு கிரானைட் படியின் மேல் இரண்டு தடவை பீய்ச்சினார். மஞ்சள் தண்ணீரும் தயிர் போலத் திப்பியும் விழுந்தன. கோலத்தின் மேல் விழுந்தது என்று யாரோ பதறினார்கள்.

"மடி கல்லா கீது சார். இத்த இப்ப கறந்து எறக்கலன்னா இந்தக் காம்பு செத்துப்பூடும். கன்னும் பட்னி. இது உள்ள வராது" என்றார் என் மாமனாரிடம்.

மாமனார் தன் கடையில் முந்நூறு பேரை அதட்டி வேலை வாங்குகிறவர். "இந்தாம்மா, மொதல்ல மாடு உள்ள போயிட்டு வரட்டும். பெறவு ஒன் வைத்தியத்தப் பாரு. நேரம் போவுதுல்லா" என்றார்.

"உன் நல்ல நேரம் எம்மாட்டுக்குத் தெரியாது சார்."

பாலு அக்காவின் காதோரம் போய், இனிமேல் தி.நகரில் ஒரு வீட்டுக்கும் உன் மாட்டைச் சொல்ல மாட்டேன் என்று மிரட்டினார். சொல்லாதே போ என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் வந்தது. சொன்னபடியே அவர் பிறகு கூப்பிடவும் இல்லை, அக்கா அதற்காக ஒரு நாளும் வருத்தப்படவும் இல்லை.

அக்கா ஒரு வாளி வெந்நீர் வேண்டும் என்று கேட்டார். ஒருவரும் அசையவில்லை. பால் பொங்குவதற்கு முன் அடுப்பு மூட்டக் கூடாதாம். அடுப்பு எதற்கு? மாடியில் கீசர் இருந்தது. தச்சு வேலைக்கு வந்தவர்கள் இரண்டு வாரமாக அதில்தான் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதம் டைல்ஸ்காரர், பெயின்டர், எலெக்ட்ரீஷியன் என்று எத்தனையோ பேர் செருப்புக் காலோடு நடந்த வீடு. நாங்கள் போனால்தான் தீட்டு.

நான் எழுந்தேன். என் கணவர் மகேஷ் கையைப் பிடித்தார். உதறிவிட்டுப் பசுவுக்கு முன்னால் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். மாடிக்குப் போய் வாளி நிறைய வெந்நீர் பிடித்து, பட்டுப்புடவையெல்லாம் நனைய இறக்கிக்கொண்டு வந்தேன். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா துணியை முக்கிப் பிழிந்து மடியில் ஒற்றினார். அந்த ஒரு காம்பை மட்டும் மெல்லப் பீய்ச்சி, கெட்ட பாலை எல்லாம் வேறு வாளியில் எடுத்தார். மாடு முதலில் காலைத் தூக்கியது, பிறகு தூக்கவில்லை. எட்டேமுக்கால் ஆயிற்று. வாளியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, மற்ற மூன்று காம்புக்கும் கன்றை விட்டார். இந்த முறை மாடு உதைக்கவில்லை, கன்றை நக்கிக் கொடுத்தது. வீட்டுக்கு ஒரு சொட்டும் கிடையாது, கன்று குடிக்கட்டும் என்றார். பாக்கெட் பால் வாங்கிவர ஆள் ஓடியது. மாட்டு டாக்டர் ஐந்து நாள் மருந்து ஏற்றியதில் அந்தக் காம்பு பிழைத்தது. அது பிறகு நடந்தது.

அப்போது கையைத் துடைத்துக்கொண்டே அவர் என்னைப் பார்த்தார். இடது கையை உடம்பில் படாமல் விலக்கி வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

"உனுக்கும் கட்டிக்கிச்சா? கொயந்த எங்க?"

காரில் என்றேன்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? போய் எட்த்துக்கினு வா. மொதல்ல குடிக்க வுடு, அப்பால டாக்டராண்ட போ."

அத்தனை பேர் முன்னால் அவர் அப்படிக் கேட்டது எனக்கு வெட்கமாக இல்லை. அழுகைதான் வந்தது. காருக்கு நடந்து போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டேன். மாமியார் வழியில் நின்றார். சுற்றிக்கொண்டு படியேறி, முதல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஒரு நாற்காலிகூட இல்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து அவளை இடது பக்கம் எடுத்தேன். உயிர் போகிற வலி. அவள் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மார்பு இளகியது.

கதவைத் தட்டினார்கள். பாக்கெட் பாலாவது அடுத்த நல்ல நேரத்துக்குள் பொங்க வேண்டாமா, தம்பதியாக நிற்க வேண்டாமா, நேரம் போகிறது என்றார் மாமியார்.

"போகட்டும் அத்தை. இவ இன்னும் குடிச்சு முடிக்கல."