ஒரே சட்டிச் சோறு

மாங்காய் பறிக்கப் போகிற எங்கள் ஆம்பளைங்க பஸ்ஸில் சேர்ந்து உட்கார மாட்டார்கள். நாகலாபுரம் பக்கம் அது பழக்கம். தமிழ் பேசுகிற நாலு ஆள் ஒன்றாக இருந்தால், செம்மரம் வெட்டப் போகிறான் என்று போலீஸ் இறக்கிவிடும். அதனால் ஆளுக்கொரு சீட்டு. பேச்சே கிடையாது.

அந்த வருஷம் பங்காருபாளையம் தோப்புக்கு என் வீட்டுக்காரரும் இன்னும் மூணு பேரும் அப்படித்தான் போனார்கள். நாலு பேருக்கும் சோறு கட்டிக் கொடுத்தது நான். சித்தூருக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தித் தனித்தனியாக விசாரித்திருக்கிறார்கள். யாரையும் தெரியாது என்று நாலு பேரும் சொன்னார்கள். டப்பாவைத் திறந்தால் நாலிலும் அதே புளிச்சோறு, அதே கத்திரிக்காய்.

எனக்குப் போன் வந்தது. ஒரு பொம்பளை போலீஸ். எந்த ஸ்டேஷன் என்று சொல்லி, வந்து பாரும்மா என்றாள்.

முன்னே எங்க நைனாவை இதே மாதிரி பிடித்தபோது எந்த ஸ்டேஷன் என்று யாரும் சொல்லவில்லை. அம்மா ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்கினாள். வந்த பிறகு நைனா மரம் ஏறவில்லை. என்ன நடந்தது என்று சொல்லவும் இல்லை. எனக்கு அரசாங்கம் என்றால் ரோட்டில் பஸ்ஸை நிறுத்துகிற கைதான். இப்போது அது போனும் போடுகிறது.

இவர் முழுசாக வருவாரா? ஸ்டேஷனுக்குப் போகிற வழியெல்லாம் அதே நினைப்பு.

நாலு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அடி விழவில்லை. பிடித்தால் காரணம் கேட்கலாம் என்று எங்கள் ஊர் ஸ்கூலில் ஒரு வக்கீலம்மா சொல்லியிருந்தார். கேட்டேன்.

"எதுக்கு மேடம் புடிச்சீங்க?"

போன் போட்டவள்தான் தமிழில் சொன்னாள். "ஒரே சட்டி சோறு துன்னுக்கினு, ஒருத்தன ஒருத்தன் தெரியாதுன்னா எப்டிம்மா நம்பறது?"

"தெரியும்னு சொன்னாலும் புடிப்பீங்களே."

அவள் தோப்புக்காரர் நம்பர் வாங்கிப் போன் போட்டாள். அவர் பைக்கில் வந்தார். "காய் உழுந்துக்கினு கீது, என் ஆளுங்கள உடுங்க சார்" என்று இன்ஸ்பெக்டரிடம் நின்றார். எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

"இனிமே ஒண்ணா உக்காருங்க. கேட்டா உள்ளத சொல்லுங்க" என்றாள் அவள்.

வெளியே வந்ததும் ஒருத்தன், "அண்ணி, அடுத்த தபா நாலு தினுசா ஆக்கிக் குடு" என்றான். என் வீட்டுக்காரர் அவனை முறைத்தார்.

"வூட்டுக்கு வரலியா?" என்றேன்.

"காய் பழுத்துடும்."

தோப்புக்கே போனார்கள். நான் ஊர் பஸ்ஸுக்கு நின்றேன். ஊரில் மறுநாள் தோப்புக்குக் கிளம்புகிற ஆட்கள் இருந்தார்கள். அவர்களை ஒன்றாக உட்காரச் சொல்லவேண்டும்.