கைசர் ஜஹானின் மேல்வரம்பு

லிஃப்டுக்குள் நுழைந்ததுமே கைசர் ஜஹான், சுவரிலுள்ள 'எட்டு பேர்' என்ற அறிவிப்போடு சண்டையைத் தொடங்கிவிடுவார். "எந்த எட்டு பேரு? எங்க மாமியார் மாரி எட்டா, உன்ன மாரி எட்டா?" நான் சிரிப்பேன். நான்காவது மாடி வருவதற்குள் அவர் கைப்பையை ஐந்து முறை தோள் மாற்றியிருப்பார்.

தேனாம்பேட்டையில் எங்கள் அலுவலகம். நாங்கள் உருவாக்கும் கணினி இயங்குதளத்தின் உள்மையமான கெர்னலில், வாடிக்கையாளர்களே மாற்றிக்கொள்ளக்கூடிய அமைப்புகள் சில நூறு உண்டு. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்று எல்லை வைத்திருக்கிறோம். அந்த எல்லை தாங்குமா என்று பார்ப்பது கைசர் ஜஹானின் வேலை. பூஜ்யம் போடுவார். மைனஸ் ஒன்று போடுவார். எல்லைக்கு மேல் ஒன்று கூட்டிப் போடுவார். எல்லாம் நின்றபடியேதான், அவர் நாற்காலியில் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். இரண்டு வரி தட்டிவிட்டு ஜன்னல் வரை போய் அண்ணா சாலையைப் பார்த்து வருவார். பாதி குடித்த டீ மூன்று மேசைகளில் ஆறிக்கிடக்கும்.

போன வெள்ளிக்கிழமை மதியம், எல்லைகளை எழுதிய பிரபு அவரிடம் வந்து நின்றான். ஒரு ரத்த வங்கியின் குளிர்பெட்டிகளைக் கண்காணிக்கும் சின்னக் கணினிகளுக்கு அன்று மாலை எங்கள் புதிய பதிப்பு போக வேண்டும்.

"அக்கா, எல்லா டெஸ்ட்டும் பாஸ். நீங்க ஓகே மட்டும் குடுங்க."

"எதுல பாஸு?"

"நம்ம சர்வர்லதான்."

"அதுல மெமரி மல மாரி கீது நைனா. அவங்க டப்பாவுல இன்னா கீது?"

எப்போதும் காலியாக ஒதுக்கிவைக்க வேண்டிய நினைவகத்தின் அளவு: அந்த ஒரு அமைப்புதான் காலையிலிருந்து அவரை அரித்துக்கொண்டிருந்தது. பிரபு அதற்கு வைத்திருந்த மேல்வரம்பு நான்கு ஜிபி. எங்கள் சர்வருக்கு அது பொருட்டே இல்லை. சின்னக் கணினியில் மொத்த நினைவகமே இரண்டு ஜிபி.

"யாருக்கா அவ்ளோ போடப்போறாங்க?"

"போடலாம்னு நீதானே எழுதிகீற."

அதேபோன்ற சின்னக் கணினி ஒன்றை எடுத்துவந்து இணைத்தார். நான்கு ஜிபி என்று தட்டினார். எல்லைக்குள் இருந்ததால் கெர்னல் மறுக்காமல் வாங்கிக்கொண்டது. திரையில் சோதனைக்காக மாறிக்கொண்டிருந்த குளிர்பெட்டி வெப்பநிலை 4.2 டிகிரியில் அப்படியே நின்றது. பிரபு ஒரு விசையை அழுத்தினான். பிறகு எல்லா விசைகளையும் அழுத்தினான்.

"நாலு புள்ளி ரெண்டுன்னு நாளைக்கும் காட்டிக்கினு இருக்கும்," என்றார் கைசர் ஜஹான். "உள்ள ரத்தம் கெட்டுப்போனா எவனுக்குத் தெரியும்?"

பிரபு மீண்டும் விசைப்பலகைக்குக் கை நீட்டினான். அவர் குனிந்து, சுவரிலிருந்து அந்தக் கணினியின் பிளக்கைப் பிடுங்கி, அந்தக் கையில் வைத்தார்.