படிக்கத்தில் இருந்த சிவப்பு

எங்கள் வீட்டில் நோஞ்சான் என்றால் அது நான்தான். மழை தூறினால் என் தலையில் துண்டைப் போடுவார்கள். மார்கழி பிறந்தால் சுக்குக் கஷாயத்தோடு அண்ணி என்னைத் துரத்துவார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த அண்ணனை யாரும் துரத்தியதில்லை. நெல் மூட்டையை ஒற்றை ஆளாய்த் தூக்கி வண்டியில் போடுகிறவருக்குக் கஷாயம் எதற்கு? கள், சுருட்டு, வெற்றிலை மூன்றும் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. எமனே வந்தாலும் இவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான் என்று கேலி செய்வேன். அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். அந்தத் தை மாதம் சம்பா அறுத்துக் களத்தில் போட்டிருந்தோம். ஒரு வாரம் சளிக்காய்ச்சலில் கிடந்த அண்ணன், காய்ச்சல் விட்டதும் விடாததுமாக என்னோடு காவலுக்கு வந்து படுத்தார். மூன்றாம் நாள் குளிர் அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. விலாவில் குத்துவலி. மூச்சு இரைத்தது. பனி தாக்கிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டினோம். ஜன்னலைச் சாத்தி, தண்ணீர்கூடக் காட்டாமல், தவிட்டு ஒத்தடம் கொடுத்தோம். நாலு நாள் இப்படியே போயிற்று. அவர் பிதற்ற ஆரம்பித்ததும் அண்ணி உடைந்துவிட்டார்.

"இவுரு போயிட்டா நான் என்ன பண்ணுவேன் தம்பி?"

நான் வண்டி பூட்டிக்கொண்டு அரியலூருக்கு ஓடினேன்.

மத்தியானம் டாக்டர் என்னோடு வந்து சேர்ந்தார். அண்ணனின் முதுகைத் தட்டிப் பார்த்தார், குழாயை வைத்துக் கேட்டார். பிறகு கட்டிலுக்கடியில் இருந்த பித்தளைப் படிக்கத்தை இழுத்துப் பார்த்தார். அண்ணன் எச்சில் துப்புகிற படிக்கம் அது. உள்ளே துருப்பிடித்த சிவப்பு.

"கடைசியா எப்ப வெத்தல போட்டாரும்மா?"

"அவுரு எப்பவும் போடுறதுதாங்க..." என்று ஆரம்பித்த அண்ணி நடுவில் நின்றுவிட்டார். முகம் வெளுத்துப்போனது. "நாலு நாளா வெத்தலையே போடலிங்க."

அதே நாலு நாளும் அந்தப் படிக்கத்தைக் கழுவியவர் அவர்தான். வெற்றிலைச் சாறு என்றே கொட்டியிருந்தார்.

"அப்ப இது நுரையீரல்லேருந்து வருது. நிமோனியா" என்றார் டாக்டர். என்னைப் பார்த்து, "கள்ளு உண்டா? சுருட்டு? முன்னாடி சளிக்காய்ச்சல் வந்துதா?" என்று அடுக்கினார். எங்கள் கொல்லையில் குடியிருந்தவர் மாதிரி கேட்கிறாரே என்று வாய் பிளந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"பனிதாங்கய்யா காரணம்" என்றேன்.

"பனியில நீங்களும்தான படுத்தீங்க?"

டாக்டர் படிக்கத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"இந்தக் கிருமி உங்க தொண்டையிலகூட இருக்கலாம். அது உள்ள எறங்காம ஒடம்பே காவல் காக்குது. அண்ணனுக்கு முன்னாடி வந்த சளிக்காய்ச்சல் அந்தக் காவலை அடிச்சுப் போட்டுருச்சு. சுருட்டு கண்ணைக் கட்டிருச்சு. கள்ளு தூங்க வச்சுருச்சு. அப்பறம் களத்துல நெல்லு மிஞ்சுமா?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எலும்பு தெரிகிற இந்த நோஞ்சான் நெஞ்சுக்குள் நான் வைக்காத ஒரு காவல், கூலியில்லாமல் விழித்திருக்கிறது! அன்றிலிருந்து என் மூச்சின் மேல் எனக்கு ஒரு மரியாதை.

டாக்டர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார், தண்ணீரை நிறையக் கொடுக்கச் சொன்னார். யுத்த நேரத்தில் லேசில் கிடைக்காத, கிருமியைக் கொல்லும் சல்பா மாத்திரைகளைக் கொடுத்தார். சுண்ணாம்புக் கட்டி போலிருந்த அதையா நம்புவது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. கண்ணைத் திறந்து, "நெல்ல தூத்தியாச்சா?" என்றார். நான் விம்மி அழுதேன்.

எழுந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டது வெற்றிலைப் பெட்டியை. அதுவரை அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத அண்ணி, பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

"கள்ளும் சுருட்டும் வேணாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. இது நான் சொல்றேங்க. வாயச் செவப்பாக்கிட்டீங்கன்னா எது வெத்தல, எது ரத்தம்னு எனக்குத் தெரியாது. நாலு நாளு உங்க உசுர நான்தாங்க கழுவிக் கழுவிக் கொட்டியிருக்கேன்."

அண்ணன் பெட்டியைத் தானே என் பக்கம் நகர்த்திவிட்டார்.