டைனோசருக்குப் பின்னால் கேட்ட ஹாரன்

இது பட்டப்பகலில் நடந்தது. இருட்டில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவும் இல்லை.

2011 ஆகஸ்ட். நானும் என் அக்கா அர்லீனும் பார்ஸ்டோவிலிருந்து நீடில்ஸுக்குப் பாலைவனம் வழியாகக் காரில் கிளம்பினோம். அக்காவுக்குப் பழைய 66-ஆம் சாலைதான் வேண்டும். வழியெல்லாம் நின்றோம். காபிக் கோப்பை வடிவத்தில் கட்டிய கடையில் பீச் பழம் வைத்துச் சுட்ட இனிப்புச் சாப்பிட்டோம். யார் யாரோ பழைய செருப்புகளைத் தொங்கவிட்டிருந்த மரத்தில் அக்கா தன் பிய்ந்த செருப்பையும் மாட்டினாள்.

சரியாக 2.20-க்குச் சாலையோரம் ஒரு பச்சை டைனோசர் சிலை அருகே நிறுத்தினேன். சிமெண்டில் செய்தது. மூன்று ஆள் உயரம். வெயில் நூற்றுப் பதினாறு டிகிரி.

“பக்கத்துல நில்லுக்கா. ரெண்டுல எது பழசுன்னு போட்டோவுல பார்க்கலாம்.”

“வாயப் பாருடி உனக்கு, மேக்சின்...” சிரித்துக்கொண்டே போய் நின்றாள்.

பாம்... பாம்... பாம்.

கார் ஹாரன். டைனோசருக்குப் பின்னாலிருந்து.

அங்கே வெறும் உப்புத்தரை. முயல்கூட ஒளிய இடமில்லை. கார் எதுவும் இல்லை.

“யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்கடி.” அக்கா உப்பில் இறங்கி நடந்தாள். நான் சாலையோரமே நின்றேன்.

நாற்பது அடி போயிருப்பாள். கையை முன்னால் நீட்டினாள். சட்டென்று உதறினாள்.

“ஐயோ... சுடுது!”

“எது சுடுதுக்கா?”

“தெரியல. இங்க... ஏதோ இருக்குடி.”

குனிந்து உற்றுப் பார்த்தாள். அவள் எதிரே ஒன்றுமே இல்லை.

பாம்...

அவளுக்கு நேர் எதிரே. சத்தம் தேய்ந்திருந்தது. பேட்டரி இறங்கும்போது வருமே... அப்படி.

“அக்கா, வந்துடு!”

ஓடி வந்தாள்.

காரை எடுத்தேன். மணி 2.31.

பின்னால் இன்னொரு முறை... நீளமாக.

நான் நிறுத்தவில்லை.

அடுத்த ஊரில் போலீஸில் சொன்னோம். அக்காவின் உள்ளங்கையில் கொப்புளம் போட்டிருந்தது. அவர்கள் போய்த் தேடினார்கள். ஒன்றுமில்லை.

எட்டாம் நாள் ஒரு கிழவர் வீட்டுக்கு வந்தார். ஓர்வில் டேட். ஓய்வுபெற்ற போலீஸ்காரர். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

“1974 ஆகஸ்ட்ல, நீங்க போலீஸ்ல சொன்ன அதே இடத்துல ஒரு காரைப் பார்த்தேன். உள்ள இங்க்ரிட்னு ஒரு டீச்சர். சக்கரம் புதைஞ்சிருக்கு. இறங்கப் போய்க் கால் ஒடிஞ்சிருக்கு. புது ரோடு திறந்துட்டதால பழைய ரோட்டுல ஆள் நடமாட்டமே இல்ல. நான் போறப்போ செத்துப் பத்தொன்பது நாள் ஆச்சு.”

“அதுக்கும் எங்களுக்கும் என்னங்க?” என்றாள் அக்கா.

அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். அந்த டீச்சர் காருக்குள் இருந்தபடி எழுதிய நோட்டிலிருந்து எடுத்த நகல்.

‘2.20. டைனோசர் அருகே இரண்டு பெண்கள். ஹாரன் அடித்தேன். மூத்தவள் வந்தாள். என் கதவில் கை வைத்தாள். குனிந்து உள்ளே பார்த்தாள். நான் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

2.31. போய்விட்டார்கள். ஆனால் திரும்பி வருவார்கள். மூத்தவளுக்கு நல்ல முகம்.’

அதற்குக் கீழே, மறுநாள் விடியும்வரை, மணிக்கொரு முறை ஒரே வரி.

‘இன்னும் வரவில்லை.’