ராக்கெட்டும் மகாராணியும் இரண்டு மீசைகளும்

“...இல்லேன்னா இந்த மீசைய இங்கேயே, இத்தன ஜனங்க முன்னாடியே எடுத்துடுறேன், போதுமா மச்சான்?” என்று சித்தப்பா சொல்லி முடிக்கும்போதுதான் அப்பாவின் கார்க் கதவைத் திறந்துகொண்டு நான் இறங்கினேன். இறங்கியதும் முகத்தில் அடித்தது எருமை வாசனை. அதற்கு மேல் எருமைக்குப் பூசியிருந்த தேங்காயெண்ணெய் வாசனை. அதற்கும் மேலே, கோயில் பக்கமிருந்து அடிபிடித்த பொங்கலின் புகை. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள், அதுதான் எனக்கு மாட்டுப்பொங்கல்.

அது நிபோங் திபால் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம், எண்ணெய் எடுக்கும் பனை. நாங்கள் ஜார்ஜ்டவுன் நகரத்தில் கடைக்கு மேலே மாடிவீட்டில் வளர்ந்தவர்கள். எருமையை நான் அதுவரை பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். சித்தப்பாவுக்கும் அவருடைய மச்சான் கோவிந்தன் மாமாவுக்கும், அதாவது எங்கள் சித்தியின் அண்ணனுக்கும், தோட்டத்தில் ஒரே வேலை: வெட்டிப் போட்ட செம்பனைக் குலைகளை எருமை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து லாரி நிற்கும் சாலையில் சேர்ப்பது. சித்தப்பாவின் எருமைக்கு மகாராணி என்று பெயர், மாமாவின் எருமைக்கு ராக்கெட். வருடம் முழுக்க ஒன்றாக வேலை பார்க்கும் இந்த இரண்டு வண்டிகளும் மாட்டுப்பொங்கலன்று செம்மண் சாலையில் எதிரும் புதிருமாகிவிடும். அதற்கு முந்தைய இரண்டு பொங்கலிலும் ராக்கெட்தான் ஜெயித்தது என்பதை மாமா யாரையும் மறக்க விட்டதில்லை.

மீசையை எடுக்கிறேன் என்று நம் ஆட்கள் சொல்லாத நாள் உண்டா? மழை வராவிட்டால் எடுக்கிறேன், பையன் பாஸாகாவிட்டால் எடுக்கிறேன் என்பார்கள். மறுநாள் அதே மீசையோடு டீ குடிக்க வருவார்கள். ஆனால் அன்று மாமா விடவில்லை. “சரி லா மாப்ள. நீ தோத்தா நீ எடு, நான் தோத்தா நான் எடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, தோட்டத்துக்கு ஞாயிறுதோறும் முடிவெட்ட வரும் அண்ணனைக் கூட்டத்தில் தேடிப்பிடித்துப் பையை எடுத்துவரவும் அனுப்பிவிட்டார். சித்தி கையில் கரண்டியோடு வந்து நின்று, “வீட்டுல அடகு வைக்க வேற ஒண்ணும் இல்லன்னா ஆம்பளைங்க இதத்தான் வைப்பாங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சித்தப்பாவை மீசையில்லாமல் நினைத்துப் பார்த்தேன். யாரோ அந்நியர் ஒருவர் என்னைத் தூக்கிக் கொஞ்சுவது போலிருந்தது.

பந்தயம் தொடங்கியது. வண்டிகளில் குலைகளை ஏற்றியிருந்தார்கள். வெறும் வண்டியை ஓட்டுவதில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் பேச்சு. பக்கத்திலேயே பழைய மண்டோர் ஒருவர், வேலையாட்களை மேய்த்து ஓய்வு பெற்றவர், மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்தபடி, வாயில் விசிலும் கண்ணை எருமைகளின் காலிலுமாக வந்துகொண்டிருந்தார். எதற்கு இப்படிக் காலையே பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான் பார்த்த பந்தயமெல்லாம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிதான். அங்கே எல்லைக் கயிற்றை யார் முதலில் தொட்டாலும் அவர்தான் ஜெயித்தவர்.

முக்கால்வாசி தூரம் ராக்கெட்தான் முன்னால். மகாராணி பெயருக்கேற்ப, யாருக்கும் பயப்படாமல், தலையை ஆட்டி ஆட்டி அதே நடையில் வந்தது. மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்னால் திரும்பி, “என்ன மாப்ள, சோப்பு போட ஆரம்பிக்கலாமா?” என்று கத்திக்கொண்டே, கயிற்றைப் பிடித்திருந்த கையை எடுத்து மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார். அவ்வளவுதான். கயிறு தளர்ந்ததும் ராக்கெட் நாலுகால் பாய்ச்சலில் ஓட்டம் பிடித்தது. குலைகள் தெறித்து விழ, “டேய், டேய் ராக்கெட்டு!” என்று மாமா அலற, விசில் கிழிய, வண்டி எங்களைத் தாண்டிப் போய் எல்லைக் கயிற்றையும் அறுத்துக்கொண்டு ஓடியது.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். “சித்தப்பா மீசை போச்சு!” என்று நான் அழ, என்னைச் சுற்றி நின்ற கூட்டம் முழுக்கத் துண்டைச் சுழற்றிக் குதித்தது. இவர்களுக்கு ஈவிரக்கமே இல்லையா என்று நினைத்தேன். சித்தப்பாவின் மகள் செல்விதான் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்: “ஏய் லூசு, ஏன் அழுவுற? பாய்ஞ்சா அவுட்டு லா! அப்பா ஜெயிக்கப் போறாரு, பாரு!”

அந்தத் தோட்டத்தில் ஓடாமல் எட்டிப்போடும் “பெருநடை”தான் கணக்கு, “பாய்ச்சல்” அல்ல. பாய்கிற எருமை குலையைக் கொட்டும், அச்சை முறிக்கும், ஆளைக் கவிழ்க்கும். வேலைக்கு ஆகாதது பந்தயத்துக்கும் ஆகாது. மகாராணி ஒரு குலைகூடச் சிந்தாமல், அறுந்து கிடந்த கயிற்றை மிதித்துக்கொண்டு நிதானமாக வந்து நின்றபோது நான் அழுகையை நிறுத்தாமலே கைதட்டினேன்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். குலை ஏற்றக் குட்டி டிராக்டர் வந்துவிட்டது. எருமைக் கொட்டகை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. பெருநடை என்ற சொல்லைச் சொன்னால் அங்கே பிறந்த பிள்ளைகளே விழிக்கிறார்கள். சித்தி வீட்டுச் சுவரில் மட்டும் அன்று எடுத்த படம் இருக்கிறது. மாலை போட்ட மகாராணி நடுவில். இந்தப் பக்கம் சித்தப்பா, அந்தப் பக்கம் மாமா. “இதில் தோற்றது யார்?” என்று பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான், ஏனென்றால் படத்தில் இரண்டு பேருக்குமே மீசை இல்லை.

நடந்தது இதுதான். மாமா வாக்கு மாறவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, “சீக்கிரம் லா அண்ணே, வெக்கமா இருக்கு” என்று கண்ணை மூடிக்கொண்டார். மீசை போனதும் பிள்ளைகள் ஊளையிட்டார்கள். சித்தியே, “அண்ணே, உரிச்ச பனங்கிழங்கு மாதிரி இருக்கீங்க” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமாவும் கூடவே சிரித்தார். ஆனால் படம் எடுக்கக் கூப்பிட்டபோது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, “நீங்க எடுங்க மாப்ள, நான் அப்புறம் நிக்கிறேன்” என்று எருமைக்குப் பின்னால் ஒதுங்கினார்.

அதுவரை ஆட்களின் தோளில் ஆடிக்கொண்டிருந்த சித்தப்பா கீழே இறங்கினார். மாமாவை ஒரு தடவை பார்த்தார். போய் அந்த வாளியில் உட்கார்ந்து, முடிவெட்டும் அண்ணன் கையிலிருந்த சோப்பைத் தானே வாங்கித் தன் மீசையில் தேய்க்க ஆரம்பித்தார்.